பிறவிக் குறைபாடும் தாயின் முகவரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையின் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும், வீட்டுக்கு அனுப்பப்படும் முன், தலை முதல் கால் வரை முறையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். அந்தப் பரிசோதனையின் முடிவு தாயின் கையில் எழுத்து வடிவில் கொடுக்கப்பட வேண்டும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் அந்தத் தாய் எந்தத் தெருவில் குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார், என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதும் அதே தாளில் பதிவாக வேண்டும். இந்தக் கோரிக்கையைப் பொதுச் சுகாதாரத் துறையினர் முன்னும் வாசகர்கள் முன்னும் வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலப் பணி செய்த செவிலியர் நான். பிறவிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளை மருத்துவமனைக் கட்டிலில் பார்த்ததைவிட அவர்களுடைய வீட்டு வாசலில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே நோயின் பெயரோடு நின்றுவிடாமல், அந்த வாசலையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

உலக அளவில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பேர் ஏதேனும் ஒரு பிறவிக் குறைபாட்டோடு பிறப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இக்குறைபாடுகளால் ஆண்டுதோறும் சுமார் 2,40,000 குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்துபோகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தீவிரமான பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளில் பிறக்கிறார்கள் என்பதையும் அதே நிறுவனம் சுட்டிக்காட்டுகிறது. இந்த எண்களைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்பதை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. வீட்டுப் பிரசவங்கள் மிகுந்த மாநிலங்களில் குழந்தையைத் தேடிப் போய்த்தான் பரிசோதிக்க வேண்டும். நம் ஊரில் குழந்தை நம் கண் முன்னாலேயே, சில நாட்களாவது மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறது. அந்தச் சில நாட்களை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

பச்சிளங்குழந்தையின் பரிசோதனை என்றால் எடை போட்டு, அழுகிறதா, பால் குடிக்கிறதா என்று பார்ப்பதோடு முடிவதில்லை. தலைச் சுற்றளவு, உச்சிக்குழி, கண்களின் அமைவு, காதுகள் அமைந்திருக்கும் உயரம், விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டிய அண்ணம், தொடை மடிப்பில் தொட்டுணர வேண்டிய நாடி, குழந்தையைக் கவிழ்த்து முதுகுத் தண்டின் மேல் பள்ளமோ முடிக்கற்றையோ கட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பது, மலத்துவாரம் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்வது, கைவிரல்களையும் கால்விரல்களையும் எண்ணுவது என்று இது நீளும். உதடு பிளந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், வாய்க்குள் பார்க்காதவர் கண்ணுக்கு அது தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பால் மூக்கு வழியாக வரும்போது, தாய்க்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்று வீட்டில் திட்டு விழுவதை நான் கேட்டிருக்கிறேன். மருத்துவர்கள் சிறு அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உள்ளங்கையில் ஒற்றைக் கோடு ஓடுவது நல்ல உடல்நலமுள்ள பலரிடமும் உண்டு. அது ஒன்றை மட்டும் வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. ஆனால் இத்தகைய சிறு மாறுபாடுகள் மூன்றோ அதற்கு மேலோ ஒரே குழந்தையிடம் தென்பட்டால், இதயத்திலோ சிறுநீரகத்திலோ மூளையிலோ பெரிய குறைபாடு மறைந்திருக்கிறதா என்று தேட வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தில் நிலைபெற்ற பாடம். இத்தகைய பரிசோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற கண்ணும், நல்ல வெளிச்சமும், குழந்தையின் துணிகளை முழுவதும் விலக்கிப் பார்க்கும் பொறுமையும், கூட்டம் நிறைந்த வார்டில் அதற்கென ஒதுக்கப்பட்ட நேரமும் போதும். கடைசியாகச் சொன்ன நேரம்தான் மிக அரிதாகக் கிடைக்கிறது.

கண்ணும் கையும் மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே அறுவைச் சிகிச்சையோ வேறு தலையீடோ தேவைப்படும். இவர்களில் சிலர் பிறந்த முதல் நாளில் மிக நலமாகத் தோன்றுவார்கள். கருவில் இருந்தபோது இதயத்துக்கு வெளியே இரு பெரும் ரத்தக் குழாய்களை இணைத்திருந்த சிறு குழாய் அப்போது இன்னும் முழுவதுமாக மூடியிருக்காது. அது மூடும் நாளில், பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, குழந்தை திடீரெனத் துவண்டுவிடும். ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல் எதுவும் கேட்காமலேயே இப்படி நடக்கலாம். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் வலது கையிலும் ஒரு பாதத்திலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வைத்து ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தால், இவர்களில் பலரை அன்றே கண்டுகொள்ளலாம். இரண்டு இடத்திலும் அளவு 95-க்குக் குறையாமலும், இரண்டுக்கும் இடையே 3-க்கு மேல் வேறுபாடு இல்லாமலும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அளவு 90-க்குக் கீழே போனால் உடனே இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு இந்தக் கருவியை நம் மக்கள் விரலில் மாட்டிப் பார்த்துப் பழகிவிட்டார்கள். பச்சிளங்குழந்தைக்கு ஏற்ற சென்சார் மட்டும் தனியாக வேண்டும். சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஒரு குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற விதி எல்லாப் பிரசவ வார்டுகளிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறவித் தைராய்டு குறைபாட்டைப் போல, கண்டுபிடித்தால் முழுவதுமாகக் காப்பாற்றிவிடக் கூடியதும், கண்டுபிடிக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடக் கூடியதுமான நோய் வேறு அதிகம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட நாட்டின் சில பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்ததில், ஏறத்தாழ 1,130 பேருக்கு ஒருவரிடம் இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தது. பிறந்த முதல் வாரத்தில் இந்தக் குழந்தைகளிடம் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது. பிறகு மெல்ல மெல்ல மஞ்சள் காமாலை நீடிக்கும், மலச்சிக்கல் வரும், அழுகை கரகரப்பாகும், தொப்புள் பிதுங்கும், நாக்கு பெரிதாகித் தெரியும். அதற்கும் முன்னால் வருவது அமைதி. பசித்தும் அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் அந்தக் குழந்தையைப் பார்த்து, "எங்க பிள்ளை சமர்த்து, அழவே அழாது" என்று வீட்டார் மகிழ்ந்து பேசுவார்கள். அந்த மகிழ்ச்சிக்குள் இருக்கும் ஆபத்தை வாசலில் நின்றுகொண்டு எடுத்துச் சொல்வதைவிடக் கடினமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. பிறந்து 48 மணி நேரம் கடந்த பின் ரத்தம் எடுத்து, இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்ஸின் மாத்திரையைத் தொடங்கிவிட்டால், குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மிகவும் மலிவான மாத்திரை அது. பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுத்துவிடலாம். சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடும் இன்றைய வழக்கத்தில் இந்த 48 மணி நேரக் கணக்கு எளிதில் தவறிப்போகும் என்பதால், ரத்தம் எடுத்த பிறகே டிஸ்சார்ஜ் என்ற ஒழுங்கு வேண்டும். அதைவிட முக்கியம், முடிவு வந்தவுடன் தாயைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையை அரசே திட்டமாக நடத்துகிறது.

இதோடு சேர்த்து உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தைராய்டுக்கு வேண்டிய அயோடின் கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்துதான் போக வேண்டும். 2018–19-இல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. நூற்றுக்கு 62 வீடுகள்தான் தேறின. கடற்கரையில் வாழ்கிறோம், மீன் சாப்பிடுகிறோம், உப்பளம் பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நம் வீடுகளில் அயோடின் சேர்க்காத கல் உப்பையே ஜாடியில் கொட்டி வைத்திருக்கிறோம்.

கண், காது, இடுப்பு மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் செந்நிறமாகப் பிரதிபலிக்க வேண்டும். வெண்மையாகத் தெரிந்தால் பிறவிக் கண்புரையாகவோ அதைவிடக் கொடிய கண் புற்றாகவோ இருக்கலாம். புரையாக இருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் அறுவைச் சிகிச்சை நடந்தால்தான் பார்வை நன்றாக அமையும். காது கேட்கும் திறனை முதல் மாதத்துக்குள் சோதித்து, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறாம் மாதத்துக்குள் கேட்புக் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. ஆனால் நம் தெருக்களில் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற ஆறுதலிலேயே இரண்டு, மூன்று ஆண்டுகள் போய்விடுகின்றன. காக்ளியர் உள்வைப்பு அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்தும், பேச்சு அமையும் பருவம் அதற்குள் நழுவிவிடுகிறது. இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்பதைத் தொடைகளை மடக்கி விரித்துப் பார்க்கும் எளிய முறையால் முதல் வாரங்களில் அறியலாம். மூன்று மாதம் தாண்டினால் அந்த முறை அவ்வளவாக உதவாது. குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவது மூட்டுக்குக் கெடுதல் என்பதையும், நம் பாட்டிமார் செய்வதுபோலக் கால்களை அகட்டி இடுப்பில் வைத்துக்கொள்வது மூட்டுக்கு நல்லது என்பதையும் தாய்மார்களுக்கு மகிழ்ச்சியோடு சொல்லலாம்.

இந்தக் குறைபாடுகளில் சில வராமலேயே தடுக்கக் கூடியவை. ரூபெல்லா அம்மை கருவுற்ற தொடக்கத்தில் தாயைத் தாக்கினால் கண்புரை, இதயக் குறைபாடு, காது கேளாமை மூன்றும் சேர்ந்து குழந்தைக்கு வரலாம் என்பதை 1941-இலேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் அன்று பல பெற்றோர் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். அப்போது ஊசி போடாமல் விடப்பட்ட சிறுமிகள் இன்று திருமண வயதை நெருங்குகிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு குறைபாட்டைக் கண்டுபிடிப்பதற்கும் குணப்படுத்துவதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை மருத்துவக் குறிப்பேடு காட்டுவதில்லை. வளைபாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு ஒரு குழந்தை உள்நோக்கித் திரும்பிய பாதத்தோடு பிறக்கிறது. இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையில், வாரம் ஒரு முறை பாதத்தை மெல்லத் திருத்தி மாவுக்கட்டு போட்டு, ஐந்து முதல் ஏழு கட்டுகளில், பெரும்பாலும் குதிகால் தசைநாரில் ஒரு சிறு வெட்டோடு, பாதம் நேராகிவிடும். அதன் பின்தான் நீண்ட பாதை தொடங்குகிறது. மூன்று மாதத்துக்கு நாளில் 23 மணி நேரமும், அதற்குப் பிறகு நான்கு, ஐந்து வயது வரை இரவு முழுவதும் இரும்புப் பட்டை இணைத்த காலணியை மாட்டியாக வேண்டும். விட்டால் பாதம் மறுபடியும் திரும்பிவிடும். எண்ணூரிலோ மணலி புதுநகரிலோ வசிக்கும் ஒரு தாய், கைக்குழந்தையோடு வாரந்தோறும் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டும். 2021 முதல் பெண்களுக்கு ஒயிட் போர்டு பேருந்தில் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்தப் பேருந்து எப்போது வந்து சேரும் என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் வேண்டும். இறால் உரிக்கப் போகும் கூலியோ நாலு வீட்டு வேலையின் சம்பளமோ அன்று போய்விடும். ஒழுகும் கூரைக்குக் கீழே மாவுக்கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்காவது கட்டோடு வராமல் நின்றுவிட்ட தாயின் சீட்டில் "சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று எழுதப்படுவதை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. அங்கே ஒத்துழைக்காமல் போனது அவருடைய வாழ்க்கை நிலை. மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதினார். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றியவர் அவர். அனல் மின் நிலையங்களின் நிழலில் வாழும் நம் மக்களுக்கும் அது பொருந்துகிறது.

குறைபாடு உள்ள குழந்தை பிறந்ததும் வீட்டில் முதலில் நடப்பது குற்றவாளியைத் தேடும் வேலை. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, அரிவாள்மனையில் காய் நறுக்கினாயா, யாரைப் பார்த்துக் கேலி செய்தாய் என்ற கேள்விகள் தாயை நோக்கித்தான் வரும். உதட்டுப் பிளவுக்கும் கிரகணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோமில் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. 1959-இல் பிரான்ஸ் நாட்டின் ஜெரோம் லெஜூன் குழுவினர் அதை உலகுக்குச் சொன்னார்கள். தாயின் வயது கூடக் கூட அதற்கான வாய்ப்பு கூடும் என்றாலும், இளம் தாய்மார்களே அதிகம் பிள்ளை பெறுவதால் இந்தக் குழந்தைகளில் பலர் இளம் தாய்களுக்கே பிறக்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும் என்பதால், ஒவ்வொருவருக்கும் எக்கோ பரிசோதனை தேவை. தைராய்டையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். குரோமோசோம் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். ஒரு சிறு பங்கினருக்கு அந்தக் கூடுதல் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடமாற்ற வகையாக இருக்கும்; அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு வேறுபடும். இந்தச் செய்தியைச் சொல்லும் விதமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வார்டு நடுவில், மாமியார் முன்னிலையில், நின்றபடியே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது கூடாது. தாயையும் தந்தையையும் சேர்த்து உட்கார வைத்து, குழந்தையைத் தாயின் மடியில் கொடுத்துவிட்டு, யாருடைய தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லி, அதன் பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கத்தைப் பற்றியும் இதே பரிவோடுதான் பேச வேண்டும். 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 28 பேர் உறவினரையே மணந்தவர்கள். நாட்டின் சராசரியோ 11 தான். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பவர்கள் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள்; அக்காள் மகளை மணக்கும் தாய்மாமனுக்கு அது நான்கில் ஒரு பங்கு. பொதுவாக நூற்றுக்கு இரண்டு, மூன்றாக இருக்கும் பெரிய பிறவிக் குறைபாடுகளின் வாய்ப்பு, முதல் வகையினருக்கு மேலும் இரண்டு, மூன்று கூடுகிறது. இப்படி மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும். அச்சுறுத்தலாலோ ஏளனத்தாலோ யாரும் மாறிவிட மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு குழந்தை இறந்தோ குறைபாட்டோடோ பிறந்த குடும்பத்தில், மூன்று தலைமுறை வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து, அடுத்த குழந்தைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கக்கூடிய நோயா இல்லையா என்று மரபியல் மருத்துவரிடம் காட்டினால் அது பயன்தரும். "சொந்தத்தில் கல்யாணமா?" என்ற கேள்வி எல்லாப் புறநோயாளிப் பிரிவிலும் கேட்கப்படுகிறது, பதில் கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது, பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது.

இனி, நம் திட்டங்கள் எல்லாம் சில வாரம் தாமதமாகத் தொடங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இந்தக் குழாய் சரியாக மூடாமல் போகும் குறைபாடு பெருமளவு தடுக்கப்படுகிறது என்பதை, முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடையே நடந்து 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஐயமின்றிக் காட்டியது. பாதிப்பு 72 விழுக்காடு குறைந்தது. நம் ஊரிலோ பெண்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி நம்பர் என்ற அரசுப் பதிவு எண்ணை வாங்கும்போதுதான் மாத்திரை கைக்கு வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தால் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யும் பழக்கம் வந்திருப்பது பாராட்டத்தக்கது. என்றாலும் பன்னிரண்டாவது வாரம் நரம்புக் குழாய்க்கு மிகவும் பிந்திய வாரம். ரேஷன் கடையில் இப்போது கொடுக்கப்படும் செறிவூட்டிய அரிசியில் ஃபோலிக் அமிலம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு கிலோ அரிசியில் 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை அது இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு, கழுவுவதிலும் வடிப்பதிலும் போகும் இழப்பைக் கணக்கில் கொள்ளாமலே, 40 மைக்ரோகிராம்கூடக் கிடைக்காது. குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 400. புதுமணத் தம்பதியர் திருமணப் பதிவுக்கோ குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கவோ வரும்போதே, அந்த வார்டு செவிலியருக்குத் தகவல் போய், மாத்திரை வீட்டுக்கு வரும் ஏற்பாடு ஏன் இருக்கக் கூடாது?

சர்க்கரை நோய்க்கும் இதே கணக்குதான். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற வழக்கத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்தது தமிழ்நாடு. அதற்காக உழைத்த சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் இதயமும் முதுகெலும்பும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். கருவுறும் முன்பே சர்க்கரை உள்ள பெண்ணுக்கு அந்த வாரங்களில் அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், பின்னால் எவ்வளவு கவனித்தாலும் உருவான குறை மாறாது. வலிப்புக்கு வேல்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண்கள், தாமாக மாத்திரையை நிறுத்திவிடாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கலந்து வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். அது தள்ளிப்போனால், 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் தரும் 24 வாரக் கால அளவில் ஆலோசித்து முடிவெடுக்கக் குடும்பத்துக்கு நேரமே இருக்காது. 24 வாரத்துக்குப் பிறகு மருத்துவ வாரியத்திடம் போகவேண்டியிருக்கும்.

நம் பகுதியின் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த தொழில் பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. அதற்குக் கிடைத்த மாசுக் குறியீடு நூற்றுக்கு 76.32. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதையும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து எண்ணூர்ப் பகுதி மக்கள் வீடுகளை விட்டு ஓடியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று ஓடியவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். இந்தக் காற்றால்தான் குழந்தைகள் குறைபாட்டோடு பிறக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. நுண்துகள் மாசு, எடை குறைந்த பிறப்புக்கும் குறைமாதப் பிறப்புக்கும் காரணமாகிறது என்பதற்கு உலகெங்கும் வலுவான சான்றுகள் உண்டு. உறுப்புக் குறைபாடுகளைப் பொறுத்தவரை சான்றுகள் ஒரே திசையில் இல்லை. ஆகவே, அப்படித்தான் என்று அடித்துச் சொல்பவரும் சரி, அப்படியெல்லாம் இல்லை என்று ஆலைகளின் சார்பில் மறுப்பவரும் சரி, வட சென்னைக்கென்று ஒரு முழுமையான பதிவேடு இல்லாத வரையில் ஊகத்தைத்தான் பேசுகிறார்கள். தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்த துயரம் 1961-இல் வெளிப்பட்ட பிறகுதான் பல நாடுகள் பிறவிக் குறைபாட்டுப் பதிவேடுகளைத் தொடங்கின. ஒரு தெருவிலோ ஒரு வார்டிலோ வழக்கத்துக்கு மாறாக ஒரு குறைபாடு கூடுகிறதா என்பதை உடனே உணர்வதற்காகவே அவை இயங்குகின்றன.

அந்தப் பதிவேடு நம் ஊரில் சரியாக அமைய வேண்டுமானால், நம் வழக்கம் ஒன்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். மணலியில் வாழ்க்கைப்பட்ட பெண் செய்யாறிலோ திண்டிவனத்திலோ பிரசவிக்கிறாள். விழுப்புரத்தில் வாழும் பெண் கொருக்குப்பேட்டைத் தாய்வீட்டுக்கு வந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெறுகிறாள். உறுப்புகள் உருவான வாரங்களில் அவள் சுவாசித்த காற்று ஓரிடம், குழந்தை பிறந்த இடம் வேறிடம். பிரசவமான இடத்தின் முகவரியை மட்டும் எழுதிவைத்தால் மணலியின் சுமை செய்யாற்றின் கணக்கில் போய்ச் சேரும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் ஆய்வாளர், மணலியில் பிரச்சினை எதுவும் இல்லை என்று நேர்மையாகவே தவறான முடிவுக்கு வருவார். தாயின் வேலையும், தந்தையின் வேலையும் இப்படித்தான். பழைய பேட்டரியைப் பிரித்து ஈயம் எடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர், அந்தத் தூசியைச் சட்டையில் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். வளரும் மூளைக்கு ஈயம் நஞ்சு. "கூலி" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் படிவத்தில் எழுதினால் அது யாருக்கும் தெரியவராது. உயிரோடு பிறந்த குழந்தைகளோடு, இறந்து பிறந்தவையும், குறைபாட்டின் காரணமாகக் கலைக்கப்பட்ட கருக்களும் பெயரில்லாமல் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் மிகக் கடுமையான குறைபாடுகளே கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

புதிதாக ஒரு துறையை உருவாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆர்.பி.எஸ்.கே. என்று அறியப்படும் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகை நிலைகளைக் கண்டறிய அதில் வழி உண்டு. நடமாடும் குழுவினர் பால்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருகிறார்கள். அவர்கள் அனுப்பும் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையங்களும் உள்ளன. ஆனால் பால்வாடிக்கு வரும் வயதில் கண்டறியப்படும் தைராய்டு குறைபாட்டுக்கும் கண்புரைக்கும் காலம் கடந்திருக்கும். ஆகவே கவனம் பிரசவ வார்டுக்கு நகர வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்களில் இதை முதலில் தொடங்கலாம். ஒவ்வொரு பிரசவ வார்டிலும் இதற்கென்றே ஒரு செவிலியரை நியமிக்க வேண்டும். தனியார் நர்சிங் ஹோம்களுக்கும் இதே படிவத்தைக் கட்டாயமாக்க வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படும் குழந்தைகள் ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்ச் சேர்ந்தார்களா என்று வார்டு செவிலியர் வாரந்தோறும் விசாரித்துப் பதிய வேண்டும். மாவுக்கட்டுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் தொடர்ந்து வர வேண்டிய தாய்மார்களுக்கு அந்த நாட்களின் கூலியை ஈடுகட்டும் உதவித்தொகை வேண்டும். அந்தப் பயிற்சிகளில் சிலவற்றையாவது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்க வேண்டும். பிக்மி பதிவில் ஏற்கெனவே எத்தனையோ கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. முதல் மூன்று மாத முகவரி, தாய் தந்தையின் உண்மையான வேலை, குழந்தையின் முழுப் பரிசோதனை முடிவு என மூன்று கட்டங்களை அதில் கூடுதலாகச் சேர்க்குமாறு பொதுச் சுகாதாரத் துறையையும் மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகர்ப்புற சுகாதாரச் செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.